கார்ல புளூடூத்ல பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, செட்ட மாத்தணுமா?

நீங்க கேட்டிருக்கது 18,000 ரூபாய்க்குள்ள எந்த ஆண்ட்ராய்டு செட் (கார் டேஷ்போர்டுல மாட்டுற ஸ்க்ரீன் வச்ச ஸ்டீரியோ) வாங்கலாம்னு. ஆனா எழுதியிருக்க விவரத்தப் படிச்சா உள்ள இருக்க கேள்வி வேற. 2015 மாடல் டீசல் கார், எட்டு மாசம் முந்தி ஒன்பது இஞ்ச் செட் மாட்டியிருக்கீங்க, தக்கலைல இருந்து வாரத்துக்கு மூணு நாள் திருவனந்தபுரம் போய் வாறீங்க, மத்தவங்க பேசுறது உங்களுக்குத் தெளிவா கேக்குது, ஆனா நீங்க பேசுறது அவங்களுக்கு கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு, உங்க வீட்டுல "எனக்க சத்தமே எனக்குத் திரும்பிக் கேக்குது"ன்னு சொல்லுதாங்க, களியக்காவிளை பக்கம் போகும்போ சில நேரம் கட்டும் ஆகுது. ஒருத்தர் செட்ட மாத்தச் சொல்லியிருக்கார், இன்னொருத்தர் போன மாத்தச் சொல்லியிருக்கார். அப்ப உங்களுக்குத் தெரிய வேண்டியது கோளாறு எந்த இடத்துல இருக்குங்கிறதுதான். அது தெரியாம புதுசு வாங்கி மாட்டினா அதே கோளாறு புது செட்லயும் வந்து உக்காரும், நான் பல தடவ பாத்திருக்கேன்.

நான் பத்தொம்பது வருஷமா கார் ஆடியோவும் வயரிங்கும்தான் பண்ணுதேன், சிடி செட் காலத்துல ஆரம்பிச்சது. நீங்க சொன்னத வச்சு சொல்லணும்னா இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. உங்க கோளாறு ஒண்ணு இல்ல, மூணு. கிணத்துச் சத்தம் ஒண்ணு, எதிரொலி ஒண்ணு, கட்டாகுறது ஒண்ணு. முதல் ரெண்டும் உங்க கார் மைக்க சுத்தித்தான் இருக்கும்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லுவேன், மூணாவது பெரும்பாலும் காருக்கு சம்பந்தமே இல்லாதது. அது மைக்கா, மைக் வயரா, மைக் வச்ச இடமாங்கிறத இங்க உக்காந்துட்டு பிரிச்சு சொல்ல முடியாது, அதுக்கு நீங்க ஒரு அரை மணிக்கூர் ஒதுக்கி டெஸ்ட் பண்ணணும், எப்படின்னு கீழ சொல்லுதேன்.

முதல்ல சத்தம் போற வழியப் புரிஞ்சுக்கிடணும். நீங்க பேசினா அது கார் மைக்ல விழுது, மைக்ல இருந்து செட்டுக்குப் போகுது, செட் அத புளூடூத்ல உங்க போனுக்கு அனுப்புது, போன் டவருக்கு அனுப்புது, அங்க இருந்து அவங்க போனுக்கு. அவங்க பேசுறது இதே வழியில திரும்பி வந்து உங்க கதவு ஸ்பீக்கர்ல கேக்குது. அதனால யாருக்கு கோளாறு கேக்குதோ அவங்க பக்கம் பெரும்பாலும் தப்பு இருக்காது, எதிர்ப்பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு எல்லாம் தெளிவா கேக்குது, அதனால உங்க ஸ்பீக்கர், உங்களுக்கு வாற பாதை, அவங்க போன் மைக் எல்லாம் சரி. அவங்களுக்குத்தான் கெட்டுக் கேக்குது, அதுவும் ஒருத்தருக்கு இல்ல, வீட்டுலயும் சொல்லுதாங்க, கஸ்டமரும் சொல்லுதாங்க, அப்ப கோளாறு உங்க கார்லதான். எதிரொலியும் அப்படியேதான். தன் குரல் தனக்கே திரும்பி வருதுன்னு அவங்க சொன்னா, அவங்க குரல் உங்க ஸ்பீக்கர்ல வெளிய வந்து உங்க மைக்ல புகுந்து திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். மறுதலையா உங்க குரல் உங்களுக்குத் திரும்பிக் கேட்டிருந்தா அவங்க போன் ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்களான்னு கேக்கணும், உங்க காரப் பிரிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

நிறைய பேர் கடைக்கு வந்து "பாட்டு சூப்பரா கேக்குது, அப்ப புளூடூத் நல்லாத்தான இருக்கு, கால் மட்டும் ஏன் இப்படி"ன்னு கேப்பாங்க. பாட்டும் பேச்சும் புளூடூத்ல ஒரே வழில போறது இல்ல. பாட்டு ஒருவழிப் பாதை, போன்ல இருந்து செட்டுக்கு மட்டும், அதனால கொஞ்சம் சேத்து வச்சு அனுப்பலாம், நல்ல தரத்துல அனுப்பலாம். கால் ரெண்டு பக்கமும் உடனுக்குடன் போகணும், சேத்து வைக்க நேரம் கிடையாது, அதனால தரத்தக் கொறச்சு அனுப்பும். பழைய முறையில ஒரு நொடிக்கு 8,000 தடவதான் குரல அளந்து அனுப்பும், சிவிஎஸ்டின்னு அதுக்குப் பேரு. புளூடூத்ல கால் பேசுறதுக்கான விதிமுறையோட 2011ல வந்த ஹேண்ட்ஸ் ஃப்ரீ 1.6 வெர்ஷன்ல எம்எஸ்பிசின்னு ஒண்ணச் சேத்தாங்க, அது 16,000 தடவ அளக்கும். இந்த ரெட்டிப்பு எங்க தெரியும்னா ச, ஸ, ஃப மாதிரி காத்து ஊதுற எழுத்துகள்ல, ஏன்னா அந்த எழுத்துகளோட சத்தம் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் அதிகம் இருக்கு, 8,000 தடவ அளக்குற முறையில அந்தப் பாகம் அப்படியே வெட்டுப்பட்டுப் போயிடும். போனும் செட்டும் ரெண்டுமே புது முறையத் தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் அது ஓடும், ஒண்ணுக்குத் தெரியலன்னாலும் பழைய முறைக்கு எறங்கிடும். உங்க செட் எந்த முறையில ஓடினாலும் ஒரு விஷயம் உறுதி, பழைய முறைல குரல் போன் குரலாட்டம் ஒடுங்கிக் கேக்குமே தவிர கிணத்துச் சத்தம் வராது. கிணத்துச் சத்தத்துக்குக் காரணம் வேற.

அந்தக் காரணத்தச் சொல்லுறதுக்கு முன்ன டெஸ்ட்ட சொல்லிடுதேன். சத்தமில்லாத இடத்துல கார ஓரங்கட்டுங்க, கோயில் மைதானமோ சர்ச் காம்பவுண்டோ ஏதாவது, மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில வேண்டாம். டவர் நல்லா எடுக்குதான்னு பாத்துக்கிடுங்க. உங்க வீட்டுல இருக்கவங்கள ஒரு அமைதியான ரூம்ல உக்காரச் சொல்லி, போனக் காதுல வச்சு கேக்கச் சொல்லுங்க, அவங்க ஸ்பீக்கர்ல போட்டா டெஸ்ட்டே தப்பாப் போகும். முதல்ல புளூடூத்த ஆஃப் பண்ணிட்டு போனக் காதுல வச்சு ஒரு நிமிஷம் பேசுங்க. அது தெளிவா இருந்தா உங்க போனும் நெட்வொர்க்கும் சரி, போன மாத்தச் சொன்னவர் பேச்ச அங்கயே விட்டுடலாம். அப்புறம் அதே கால்ல, கட் பண்ணாம, போன் ஸ்க்ரீன்ல கார் புளூடூத்துக்கு மாத்துங்க, இஞ்சின் ஆஃப்ல இருக்கணும், சாவி மட்டும் ஆன்ல. ஒரே கால்ல மாத்துறது ஏன் முக்கியம்னா, புதுசா ஒரு கால் போட்டா நெட்வொர்க் வேற மாதிரி கிடைக்கலாம், ஒப்பிட முடியாது. இப்ப கெட்டுச்சுன்னா பெரும்பாலும் மைக்கோ செட்டோதான். கெடலன்னா இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, பேசுங்க. அப்புறம் ஏசிய ஒண்ணுல வைங்க, பிறகு மூணுல. ஒவ்வொரு தடவையும் 1ல இருந்து 10 வரைக்கும் எண்ணுங்க, எந்த நம்பர் தெளியலன்னு அவங்கள எழுதி வைக்கச் சொல்லுங்க. எப்ப எதை மாத்தினீங்கன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க, சொன்னா மனசு முன்கூட்டியே முடிவு பண்ணிடும். கடைசியா வேற ஒருத்தர ஓட்டச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து கவனியுங்க, ஓட்டுறவர் பேசட்டும், தனியா ஓட்டிக்கிட்டே இந்த டெஸ்ட்ட பண்ணவே பண்ணாதீங்க.

இனி மைக். இங்கதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிடுவேன், ஏன்னா எனக்க கடைக்கு வாற இந்த மாதிரி கேஸ்ல பெரும்பகுதி இங்கதான் முடியும். நீங்க சொல்லுற மாதிரி செட்ல முன்னால ஸ்க்ரீனுக்கு ஓரமா ஒரு ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும், அதுதான் உள் மைக். அது உங்க வாயில இருந்து ரெண்டடிக்கு மேல தள்ளி இருக்கு, மேலயும் கீழயும் ஏசி வென்ட், உங்களப் பாத்தும் இருக்காது, நடு சீட்டப் பாத்து இருக்கும். திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா குரல் 6 டெசிபல் கொறையும், கார்க்குள்ள அந்தக் கணக்கு அப்படியே நிக்காது, ஏன்னா கண்ணாடிலயும் கூரைலயும் பட்டுத் திரும்பி வாற சத்தமும் சேரும். ஆனா அதுதான் வினையே. மைக் கிட்ட இருந்தா வாயில இருந்து நேரா வாற குரல் பெருசா இருக்கும், பட்டுத் திரும்புறது சின்னதா இருக்கும். மைக் தள்ளிப் போகப் போக நேர்க்குரல் கொறையும், திரும்புற சத்தம் கொறையாது, கடைசில ரெண்டும் சமமா ஆயிடும். கிணத்துக்குள்ள நின்னு பேசினா என்ன நடக்குமோ அதேதான். கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரின்னு அவங்க சொன்ன வார்த்த ரொம்ப சரியான வார்த்த, அத அவங்ககிட்ட சொல்லுங்க.

இதுக்காகவே அந்த செட்டோட ஒரு வெளி மைக் குடுத்திருப்பாங்க, மெல்லிசா ஒரு கருப்பு வயர், நுனில சின்ன கிளிப்பு. உங்க கேள்வில அதப் பத்தி ஒண்ணுமே இல்ல, அதனால முதல்ல அது எங்க இருக்குன்னு பாருங்க. கிளவ் பாக்ஸ்ல பில்லோட கவருக்குள்ள பிரிக்காமலே கெடக்கலாம். இல்லன்னா இன்னும் மோசம், செட்ட மாட்டின பையன் அவசரத்துல மைக்க செட்டுக்குப் பின்னாடியே சுருட்டி டேப் ஒட்டி டேஷ்போர்டுக்குள்ள தள்ளியிருப்பான். போன வருஷம் குலசேகரத்துல இருந்து ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர் வந்தார், ரெண்டு செட் மாத்தியாச்சுன்னு சொன்னார், ரெண்டு இடத்துலயும் காசு வாங்கியிருக்காங்க. நான் செட்ட வெளிய இழுத்துப் பாத்தா பழைய செட்டுக்குப் போட்ட மைக் ஹீட்டர் டக்டுக்கு மேல கெடக்கு, புது செட்டையும் அதுலயே சொருகியிருக்காங்க. மனுஷன் ஒரு வருஷமா டேஷ்போர்டுக்குள்ள பேசிக்கிட்டு இருந்திருக்கார். எனக்கு அண்ணைக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு, ஏன்னா அந்த வேலைய ஒழுங்கா செய்ய இருபது நிமிஷம்தான் ஆகும்.

வெளி மைக் எங்க வைக்கணும்னு கேட்டா, நம்ம ஊர் கார்ல ஸ்டியரிங் வலப்பக்கம், அதனால எனக்குப் பிடிச்ச இடம் டிரைவர் தலைக்கு மேல, சன் வைசருக்கும் ரூம் லைட்டுக்கும் நடுவுல, வாயப் பாத்து. கம்பெனில இருந்தே மைக் வாற நிறைய கார்ல அந்தப் பக்கமாத்தான் வச்சிருப்பாங்க, காரணம் இல்லாம இல்ல, அங்க ஏசி காத்து நேரா அடிக்காது, கதவு ஸ்பீக்கருக்கும் தூரம். ஸ்டியரிங் காலம் மேல வைக்குறது ரெண்டாவது, ஆனா மீட்டருக்கு முன்னால கை மறைக்கும், ஹார்ன் அடிக்குற சத்தம், இண்டிகேட்டர் டிக் டிக் எல்லாம் சேந்து போகும். முன்கண்ணாடி ஓரத்து பில்லர்ல வைக்குறவங்க உண்டு, அங்க கண்ணாடி இறக்கினா காத்து நேரா அடிக்கும். அதோட பில்லர் கவர்ல ஏர்பேக்னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வயர் இழுக்கவே கூடாது, உள்ள இருக்க பைக்கு குறுக்கால வயர் கெடந்தா அது விரியும்போ என்ன ஆகும்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க. நுனில பஞ்சு இருந்தா கழட்டாதீங்க, காத்துச் சத்தத்தத் தடுக்குறதே அதுதான். மேல ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாள மட்டும் உரிச்சிடுங்க, அது உரிக்காம ஓடுற வண்டி எத்தனையோ பாத்தாச்சு.

மைக்க மாட்டினதோட வேலை முடியாது. பின்னால சாக்கெட்ல அது முழுசா உள்ள போயிருக்கான்னு பாக்கணும், பாதி சொருகினா சத்தம் வரும் ஆனா பலவீனமா கரகரன்னு வரும். சில செட்ல வெளி மைக்க சொருகினா உள் மைக் தானா நிக்கும், சிலதுல செட்டிங்ஸ்ல போய் மாத்தணும், அத மாத்தலன்னா நீங்க எவ்வளவு நல்ல மைக் வச்சாலும் அந்த ஊசி ஓட்டைதான் பேசிக்கிட்டு இருக்கும். எது வேலை செய்யுதுன்னு பாக்க சுலபமான வழி இருக்கு, கால் ஓடும்போ வெளி மைக்க விரல் நகத்தால மெல்லத் தட்டுங்க, அந்தப் பக்கம் டொக் டொக்னு பெருசா கேட்டா சரி, கேக்கலன்னா செட் பக்கத்து ஓட்டைக்கு மேல தட்டிப் பாருங்க. இந்த ஒரு டெஸ்ட் எனக்கு எத்தனையோ மணிக்கூர் மிச்சம் பண்ணியிருக்கு.

எதிரொலிக்கு வாறேன். இதுக்கு மூணு காரணம் இருக்கலாம், மூணும் சேந்தும் இருக்கலாம். ஸ்பீக்கர் சத்தம் ரொம்பக் கூட, மைக் கெய்ன் (மைக்ல விழுற சத்தத்த செட் எவ்வளவு பெருசாக்குதுங்கிற அளவு) ரொம்பக் கூட, இல்லன்னா எதிரொலி வெட்டுற வேலை சரியா நடக்கல. எதிரொலி வெட்டுறதுன்னா, செட்டுக்குத் தான் ஸ்பீக்கர்ல என்ன விட்டோம்னு தெரியும், மைக்ல வாறதுல இருந்து அதக் கழிச்சிட்டு மிச்சத்த அனுப்பும். ஸ்பீக்கர அலற விட்டா சத்தம் கிழியும், கிழிஞ்ச சத்தம் செட் விட்ட சத்தத்தோட ஒத்துப் போகாது, கழிக்க முடியாது, அப்படியே திரும்பிப் போயிடும். மொபைல் நெட்வொர்க்ல சத்தம் போய்த் திரும்ப நொடில பத்துல ஒரு பங்குக்கு மேலயே ஆகும், அந்தத் தாமதம் இருக்கதுனாலதான் அது எதிரொலியா காதுல உறுத்துது. அதனால முதல்ல கால் ஓடும்போ செட் வால்யூமக் கொறச்சு அவங்ககிட்ட கேளுங்க. பாட்டு வால்யூமும் கால் வால்யூமும் வேற வேற, கால் ஓடும்போ கொறச்சாத்தான் கால் வால்யூம் கொறையும். கொறைக்கக் கொறைக்க எதிரொலியும் கொறைஞ்சா காரணம் கண்டுபிடிச்சாச்சு. அப்புறம் மைக் கெய்ன். இந்த மாதிரி செட்ல ஃபேக்டரி செட்டிங்ஸ்னு ஒரு மெனு உண்டு, பாஸ்வேர்ட் கேக்கும், மாட்டினவர்கிட்ட இருக்கும், அதுக்குள்ள மைக் கெய்ன் இருக்கும். "சத்தம் பத்தல"ன்னு யாராவது சொன்னதும் கெய்ன முழுசா ஏத்தி வைக்குறது நம்ம ஊர்ல பழக்கமா இருக்கு, ஏத்தினா குரல் மட்டும் ஏறாது, டீசல் இஞ்சின் உறுமுறது, ஏசி, ரோடு சத்தம், ஸ்பீக்கர்ல இருந்து வாறது எல்லாம் சேந்துதான் ஏறும். மைக்க வாய்கிட்ட கொண்டுவந்துட்டு கெய்ன இறக்குறதுதான் முறை. அந்த மெனுல வேற எதையும் தொடாதீங்க, ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

மூணாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. எதிரொலி வெட்டுறதையும் இரைச்சல் வெட்டுறதையும் செட்டும் பண்ணும், போனும் பண்ணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெட்டினா குரலையும் சேத்து வெட்டிடுவாங்க, தண்ணிக்குள்ள பேசுற மாதிரி, வாக்கியத்தோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமப் போற மாதிரி இருக்கும். அதுக்காகவே புளூடூத்ல ஒரு கட்டளை வச்சிருக்காங்க, "வெட்டுற வேலைய நான் பாத்துக்கிடுதேன், நீ நிறுத்திக்கோ"ன்னு செட் போனுக்குச் சொல்லும். விலை கொறஞ்ச செட் சிலதுல அது ஒழுங்கா நடக்காது. உங்களுக்கு இது இருக்குமான்னா சந்தேகம்தான், நீங்க சொன்ன அறிகுறில எழுத்து விழுங்குற பேச்சு இல்ல. ஆனா மைக்க சரி பண்ணின பிறகும், ஏசிய அணைச்சும், நின்ன வண்டில குரல் நனைஞ்ச மாதிரி இருந்தா அப்ப இத நெனச்சுக்கிடுங்க. வேற ஒரு கம்பெனி போன அதே செட்ல ஜோடி சேத்துப் பேசிப் பாக்குறதுதான் இதுக்கு டெஸ்ட்.

இப்ப கட்டாகுற விஷயம். அடுத்த தடவ கட்டாகும்போ (பக்கத்து சீட்ல யாராவது இருக்கும்போ) போன் ஸ்க்ரீனப் பாக்கச் சொல்லுங்க. கால் டைமர் ஓடிக்கிட்டே இருந்து கார்ல மட்டும் சத்தம் போச்சுன்னா புளூடூத். காலே முடிஞ்சு போச்சுன்னா நெட்வொர்க். நீங்க களியக்காவிளை பக்கம்னு குறிப்பா சொல்லியிருக்கதுனால ரெண்டாவதுதான்னு நான் நெனக்கேன். தமிழ்நாடும் கேரளாவும் டெலிகாம்ல வேற வேற சர்க்கிள் (சேவைப் பகுதி), எல்லைல போன் ஒரு சர்க்கிள் டவர விட்டு அடுத்த சர்க்கிள் டவருக்கு மாறணும், பேசிக்கிட்டு இருக்கும்போ அந்த மாத்தம் வந்தா கால் அறுறது அங்க சகஜம். எந்த செட் வாங்கினாலும் அது மாறாது. படந்தாலுமூடு தாண்டுறதுக்கு முன்ன பேச்ச முடிச்சிட்டு எல்லை தாண்டி பாறசாலை போய் திரும்பக் கூப்பிடுறதுதான் நான் செய்யுறது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் மலை மறைக்கும், அங்கயும் இப்படித்தான். அதோட உங்க போன்ல வோல்ட்இ (4ஜி வழியாவே கால் பேசுற முறை) ஆன்ல இருக்கான்னு பாத்துக்கிடுங்க. ஜியோவுல 2ஜி, 3ஜி கிடையாது, எல்லாம் வோல்ட்இதான், ஆனா மத்த சிம்ல அது ஆஃப்ல இருந்தா கால் வந்த உடனே போன் 4ஜிய விட்டுக் கீழ எறங்கும். அப்படி எறங்கின கால்ல பெரும்பாலும் குரல்ல 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், வோல்ட்இல 7,000 வரைக்கும் போகும். வாட்ஸ்அப் கால் இதுல எதுலயும் சேராது, அது டேட்டால போறது, அதனால வளைகுடால இருக்க தம்பி கூப்பிடுற கால வச்சு கார டெஸ்ட் பண்ணாதீங்க, அங்கத்த நெட் எப்படியோ அதையும் சேத்துத்தான் கேப்பீங்க.

ஒருவேள டைமர் ஓடிக்கிட்டே இருந்து கார்ல மட்டும் விட்டு விட்டு வந்துச்சுன்னா புளூடூத்தப் பாக்கணும். பின்பாக்கெட்ல போன வச்சு அதுமேல உக்காந்தா சிக்னல உடம்பே குடிச்சிடும், உடம்புல இருக்க தண்ணி அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைய நல்லா உறிஞ்சும். அதே அலைவரிசையிலதான் வைஃபை டேஷ்கேம் நிறையவும் ஓடுது, அத ஒரு நாள் கழட்டிட்டுப் பாருங்க. ரெண்டு போன் ஒரே செட்ல சேந்திருந்தா ஒண்ண எடுத்துடுங்க. அப்புறம் போன்லயும் செட்லயும் ரெண்டு பக்கமும் பேர அழிச்சிட்டு புதுசா ஜோடி சேருங்க, ஒரு பக்கம் மட்டும் அழிச்சா பழைய குழப்பம் அப்படியே இருக்கும்.

உங்ககிட்ட இல்லாத ஒண்ணையும் சொல்லிடுதேன், படிக்குற வேற யாருக்காவது ஆகும். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஙீங்னு ஒரு சத்தம் ஏறி இறங்குனா அது மைக் கோளாறு இல்ல, ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போ கரண்ட் உண்டாக்குறது) சத்தம் வயர் வழியா ஏறுது. சிகரெட் லைட்டர்ல சொருகியிருக்க விலை கொறஞ்ச சார்ஜர முதல்ல புடுங்கிப் பாருங்க, போகலன்னா செட்டோட எர்த்த பாடில சுரண்டி நல்ல இடமா பாத்து முறுக்கணும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் பெய்யும், கடலும் பக்கத்துல, அதனால வயர் விஷயத்துல ஒரு எச்சரிக்க. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்துல வெளிய நிறுத்துற வண்டில மைக் சாக்கெட்லயும் எர்த் வயர்லயும் பச்சையா களிம்பு புடிச்சிருக்கத அடிக்கடி பாக்குறேன், உப்புக்காத்து வேலை. வெயில் காலத்துல நல்லா இருந்து மழை தொடங்கினதும் கெட்டுச்சுன்னா அதுதான். செட் பின்னால சொருகியிருக்கத உருவி, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு திரும்பச் சொருகினா பாதி கேஸ் சரியாகும். ஆனி ஆடில ஆரல்வாய்மொழி வழியா போறப்ப மட்டும் கோளாறுன்னா அத கோளாறுன்னே எடுக்காதீங்க, காத்தாடி ஆலை சுத்துற காத்துல எந்த மைக்கும் திணறும், கண்ணாடிய முழுசா ஏத்திட்டுப் பேசுறது மட்டும்தான் வழி.

செட்ட எப்ப மாத்தலாம்னும் சொல்லணும். வெளி மைக் சரியான இடத்துல, சாக்கெட் சுத்தம், தட்டினா கேக்குது, கெய்ன் நடுவுல, வேற போன் போட்டும் பாத்தாச்சு, இஞ்சின் ஆஃப்ல நின்ன வண்டிலயும் கெட்டுக் கேக்குதுன்னா அப்ப செட்டோட மைக் போர்டோ புளூடூத் போர்டோ போயிருக்கு, எட்டு மாசம்தான் ஆச்சு, வாரண்டி இருக்கான்னு பில்ல எடுத்துப் பாருங்க. அதுக்கு முன்ன ஒரு புது வெளி மைக் வாங்கி மாட்டிப் பாக்குறதுக்கு சில நூறு ரூபாய்தான் ஆகும். மாட்டுறதுக்குக் கடைக்குப் போனா பக்கத்துலயே நில்லுங்க, மைக் எங்க போகுதுன்னு கண்ணால பாருங்க, வயர டேஷ்போர்டுக்குள்ள விடும்போ ஸ்டியரிங் தண்டுலயும் பெடல்லயும் சிக்காம கட்டச் சொல்லுங்க.

ஒரு விஷயம் உங்ககிட்ட மனசு விட்டு சொல்லணும். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவு கைல போன் புடிச்சு ஓட்டுறத ஆபத்தான ஓட்டுதல்ல சேத்திருக்கு, அதனால ஹேண்ட்ஸ் ஃப்ரீ போட்டா எவ்வளவு நேரம்னாலும் பேசலாம்னு நிறைய பேர் நெனச்சிருக்காங்க. ஆனா கை சும்மா இருந்தாலும் கவனம் சும்மா இருக்காது, அதுவும் அந்தப் பக்கம் "கேக்கல, திரும்பச் சொல்லுங்க"ன்னு சொல்லச் சொல்ல நாம ரோட்ட விட்டுட்டு மைக்கப் பாத்து கத்த ஆரம்பிச்சிடுதோம். பழைய 47ன்னு நாம சொல்லுற இப்பத்த தேசிய நெடுஞ்சாலை 66ல, குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல ரோடு எவ்வளவு ஒடுக்கம்னு வாரம் மூணு நாள் போற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இந்த மைக்க சரி பண்ணச் சொல்லுறதுல எனக்கு அந்தக் கவலையும் இருக்கு. சரியாகுற வரைக்கும் அந்தத் துண்டுல கால எடுக்காதீங்க.

டெஸ்ட் பண்ணிட்டு மூணு விஷயம் எழுதுங்க: இஞ்சின் ஆஃப்ல எப்படி கேட்டுச்சு, ஏசி மூணுல எத்தன நம்பர் தெளியல, நகத்தால தட்டினப்ப எந்த மைக் பேசிச்சு. டேஷ்போர்டு, ரூம் லைட் பக்கம் ஒரு போட்டோவும் போடுங்க, வயர் எந்த வழியா இழுக்கணும்னு அதப் பாத்து சொல்லுதேன்.